தெப்பக்காட்டுக்குப் பக்கத்துல பத்து சென்ட்

மைசூர் ரோடு இரண்டாகப் பிரியும் இடம் தெப்பக்காடு. ஒரு ரோடு கூடலூர் போய் ஊட்டிக்குச் சுற்றும். இன்னொன்று மசினகுடி, கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கி ஊட்டிக்கு ஏறும். நடுவில் மாயாறு. பக்கத்தில் யானை முகாம். ராகியும் கொள்ளும் உருட்டிப் போடும் அந்தக் கவளத்தைப் பார்க்க எப்போதும் கூட்டம் உண்டு. 2023ல் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கிய பிறகு கேட்கவே வேண்டாம்.

முகாமைப் பார்த்துவிட்டு, 8 கி.மீ. தள்ளி மசினகுடியில் ஒரு டீ குடிக்கும்போது சிலருக்கு ஒரு யோசனை வரும். "இங்க ஒரு பத்து சென்ட் வாங்கிப் போட்டா என்ன?"

அப்படி யோசனை வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம், கற்பனை ஆள்தான். ஆனால் எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் உண்டு. ஊர் கோயமுத்தூர், வயது முப்பது பக்கம், கையில் கொஞ்சம் சேமிப்பு. "மண்ணுல போட்ட காசு வீண் போகாது" என்று அப்பா சொன்னது மனதில் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. இவர் 'நம்ம ஆள்'.

நம்ம ஆளுக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம்: தெப்பக்காட்டில் விற்பனைக்கு நிலம் என்று ஒன்று கிடையாது. அது முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு உள்ளே இருக்கிறது. 1940ல் சரணாலயம், 2007ல் புலிகள் காப்பகம். அங்கே இருப்பது வனத்துறைக் கட்டடங்களும் யானைப் பாகன்கள், பழங்குடியினரின் குடியிருப்புகளும்தான். ஆகவே 'தெப்பக்காடு அருகில்' என்று விளம்பரம் வந்தால் அது மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று சீகூர் பீடபூமியில் எங்கேயோ ஒரு துண்டு. அந்த 'அருகில்' என்ற வார்த்தையில்தான் எல்லா வில்லங்கமும் உட்கார்ந்திருக்கிறது.

புரோக்கர் பேச்சு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"பட்டா லேண்டுங்க சார். காலைல எந்திரிச்சா மலை வியூ. ரெண்டு காட்டேஜ் போட்டீங்கன்னா ஒரு நைட்டுக்கு நாலாயிரம். ஆன்லைன்ல போட்டுட்டு நீங்க பாட்டுக்குக் கோயமுத்தூர்ல உக்காந்திருக்கலாம்."

"பர்மிஷன் எல்லாம் எப்படிங்ணா?"

"அதான் பட்டா இருக்குதுல்ல சார்."

நிலம் வாங்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் கேட்கும் வாக்கியங்களில் அதிக விலை உள்ளது இந்தக் கடைசி வாக்கியம்தான். பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கில் இந்த நிலம் இன்னார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஆவணம். அதில் வீடு கட்டலாமா, விடுதி நடத்தலாமா, வேலி போடலாமா, மரம் வெட்டலாமா என்ற கேள்விகளுக்குப் பட்டாவில் பதில் இல்லை. வைத்திருப்பது ஒரு உரிமை, பயன்படுத்துவது வேறு உரிமை. சமவெளியில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சின்னது. மலையில் அது பள்ளத்தாக்கு.

இதை எழுத்துப்பூர்வமாக நிரூபித்த வழக்கே சீகூர் வழக்குதான். புதிதாக நிலத்தில் பணம் போட நினைக்கும் யாரும், அவர்கள் வாங்கப் போவது தாம்பரத்தில் என்றாலும் சரி, இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

சீகூர் பீடபூமியின் வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் உடனே புரியும். தெற்கே நீலகிரி மலைச் சரிவு சுவர் மாதிரி நிற்கிறது. வடக்கே மாயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு. நடுவில் ஒரு பட்டைதான் சமதளம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் கிழக்கே சத்தியமங்கலம் பக்கத்துக் காடுகளுக்கும் இடையே யானைகள் போய் வருவது இந்தப் பட்டை வழியாக. மலை மேலும் ஏற முடியாது, பள்ளத்திலும் இறங்க முடியாது. தண்ணீரும் தீவனமும் தேடிப் பருவத்துக்குப் பருவம் நடந்தே ஆக வேண்டும். மனிதனுக்கும் அதே சமதளம்தான் பிடிக்கிறது. பின்னால் மலை, முன்னால் காடு, நடுவில் ஓடை. 'வியூ' என்று புரோக்கர் சொல்லும் இடமும் யானை நடக்கும் இடமும் ஒன்றே என்பது தற்செயல் இல்லை.

விடுதிகள் வந்தன. வேலிகள் வந்தன, முள்கம்பி, மின்வேலி எல்லாம். வழக்கும் வந்தது. 2010 ஆகஸ்டில் தமிழக அரசு இந்தப் பகுதியை யானை வழித்தடமாக அறிவித்தது. நில உரிமையாளர்களும் விடுதிக்காரர்களும் எதிர்த்தார்கள். 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் அறிவிப்பு சரி என்றது. அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஏழு வருடம் வழக்கு நடந்தது, விடுதிகளும் நடந்தன. இந்த ஏழு வருடத்தைக் கவனிக்க வேண்டும். நம்ம ஆள் மாதிரி எத்தனை பேர் அந்த நேரத்தில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் விடுதிகளைப் பார்த்து, 'இத்தனை பேர் நடத்துறாங்களே, நமக்கு மட்டும் என்ன ஆகப் போகுது' என்று நினைத்திருப்பார்கள்!

2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அனுமதி இல்லாத விடுதிகளை மூட 48 மணி நேரம் கொடுத்தது. மாவட்ட நிர்வாகம் முதல் சுற்றிலேயே 27 ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தது. ஏழு வருடம் மெதுவாக நகர்ந்த கடிகாரம் இரண்டே நாளில் அடித்து முடித்துவிட்டது. பிறகு 2020 அக்டோபர் 14 அன்று தலைமை நீதிபதி எஸ்.ஏ.பாப்டே தலைமையிலான அமர்வு இறுதித் தீர்ப்பில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உறுதி செய்தது. உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

சீல் வைக்கப்பட்டவர்களில் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பல தலைமுறையாக அங்கேயே விவசாயம் பார்த்தவர்கள், சின்னதாக நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டவர்கள், அங்கே சமையல் வேலை பார்த்து வீட்டுக்கு அரிசி வாங்கியவர்கள் என்று பலருடைய பிழைப்பும் அதில் இருந்தது. வீடு கட்ட ஊராட்சியில் அனுமதி வாங்கி அதில் விடுதி நடத்தியவர்களும் இருந்தார்கள். மின் இணைப்பு உண்டு, வீட்டு வரி ரசீது உண்டு, கையில் பத்திரம் உண்டு. நடத்துவதற்கான அனுமதி மட்டும் இல்லை. வரி வாங்கிக்கொண்டதால் அரசாங்கம் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை என்பது நிறையப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த வழக்கைப் போட்ட அமைப்பின் பின்னால் இருந்தவர் வழக்கறிஞர் யானை ராஜேந்திரன். (பேருக்கு முன்னால் 'யானை' சும்மா வரவில்லை.) சுவாரசியமான விஷயம், இதே மனிதர் போட்ட இன்னொரு பொதுநல வழக்கில்தான் 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரம் இல்லாத வீட்டுமனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலத்தைக் கூறு போட்டுக் கொடிக்கம்பி நட்டு 'மனை' என்று விற்ற தொழில் தமிழ்நாடு முழுக்க அப்படியே நின்றது. பிறகு 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு பதிவான மனைகளுக்கு ஒரு வழி கிடைத்தது. அன்றைக்குச் சுத்தமாக இருந்த பத்திரம், மறுநாள் விற்க முடியாத பத்திரமாக மாறியதைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே பார்த்திருக்கிறது. ஆனாலும் 'பத்திரம் பக்கா' என்ற பேச்சு மட்டும் குறையவில்லை.

சரி, நம்ம ஆள் என்னதான் பார்க்க வேண்டும்?

மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய தேதி வரை தொடர்ச்சி. 30 வருட வில்லங்கச் சான்றிதழ். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்பட வரைபடம். இதெல்லாம் எந்த ரியல் எஸ்டேட் புத்தகத்திலும் இருக்கிறது. பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே அரசு இணையதளங்களில் எடுத்துவிடலாம். இங்கே சொல்ல வேண்டியது, இவை எதைக் காட்டாது என்பதைத்தான். வில்லங்கச் சான்றிதழ் என்பது பதிவு அலுவலகத்தில் பதிவானவற்றின் பட்டியல். பதிவாகாத ஒப்பந்தமும், அண்ணன் தம்பி பாகத் தகராறும், நிலுவையில் இருக்கும் பல வழக்குகளும் அதில் இருக்காது. வன அறிவிப்பு இருக்காது. 'வில்லங்கம் இல்லை' என்று வந்தால் அந்த அலுவலகத்துக்குத் தெரிந்த வில்லங்கம் இல்லை என்று மட்டுமே பொருள். பத்திரம் பதிவாகிவிட்டதால் விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்றும் ஆகிவிடாது.

நீலகிரியில் இதற்கு மேல் தனியாகச் சில கேள்விகள் உண்டு. முதலாவது, இந்தச் சர்வே எண் தனியார் காடா? 1949ல் வந்த தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அப்படி அறிவிக்கப்பட்ட நிலத்தை மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. மீறி விற்றால் அந்த விற்பனை செல்லாது. செல்லாது என்றால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று அர்த்தமில்லை. வாங்கவே இல்லை என்று அர்த்தம். பணம் மட்டும் போயிருக்கும்.

இரண்டாவது, கூடலூர் பக்கம் வந்தால் 'செக்‌ஷன் 17' என்று டீக்கடையில்கூடப் பேசுவார்கள். நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969ல் ஒரு சட்டம் வந்தது. அதன் 17வது பிரிவில் வரும் நிலங்கள் பல பத்தாண்டுகளாக வழக்கில் கிடந்தவை. அங்கே மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா கிடைக்காத, மின்சாரத்துக்கே போராடிய குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட நிலம் வெள்ளைத்தாள் எழுத்தில் கைமாறும். விலை ஆசையைக் கிளப்பும். விலை ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கு அந்த எண்தான் பதில்.

மூன்றாவது, நிபந்தனைப் பட்டாவா, பஞ்சமி நிலமா? நிலமில்லாதவர்களுக்கென்று அரசு கொடுத்ததை வாங்கிவிட்டு 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது சட்டத்திலும் எடுபடாது, நியாயத்திலும் எடுபடாது.

நிலச் சந்தையில் அனுபவம் இல்லாமல் இறங்குவது கோயமுத்தூர்க்காரர் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். முதுமலைக் காப்பகத்துக்கு உள்ளே இருந்த குடும்பங்கள் வெளியே வந்து குடியேற, புலிகள் பாதுகாப்புத் திட்டத்தில் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்ற கணக்கு இருந்தது. (2021ல் அது 15 லட்சமானது.) வாழ்க்கையில் அதுவரை நிலம் விலை பேசியிராத காட்டுநாயக்கர் குடும்பங்கள் கையில் ஒரே நாளில் அவ்வளவு பணம். அந்தப் பணத்தைக் காட்டி இடைத்தரகர்கள் நிலம் வாங்கித் தருவதாக ஏமாற்றினார்கள் என்று புகார்கள் எழுந்து, போலீஸ் வழக்கு வரை போனது. நம்ம ஆளுக்கு ஏமாந்தால் திரும்பிப் போகக் கோயமுத்தூரில் வீடு இருக்கிறது. அவர்கள் விட்டு வந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது.

இத்தனையையும் தாண்டி நிலம் சுத்தம் என்றே வைத்துக்கொள்ளலாம். கட்டுவது அடுத்த கதை. நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டர்தான். ஊர் ஊராக மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் வேறு. வனத்துறை, கனிமவளம், வேளாண் பொறியியல் என்று தடையில்லாச் சான்றுகள் கேட்பார்கள். ஜே.சி.பி. கொண்டுவந்து மண்ணை வெட்டவும் ஆழ்துளைக் கிணறு போடவும் நினைத்தபடி முடியாது. இதெல்லாம் அதிகாரிகளின் தொல்லை என்று புலம்புகிறவர்கள் 2009 நவம்பரை மறந்துவிடுகிறார்கள். அந்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சரிவை வெட்டிச் சமமாக்கிக் கட்டியவர் வாடகை வாங்குவார். மண் கீழே வரும்போது அடியில் இருப்பது வேறொருவர் வீடு.

தண்ணீரும் அப்படித்தான். 'கிணறு இருக்குதுங்க' என்றால் ஏப்ரல் மாதம் போய்ப் பார்க்க வேண்டும். சீகூர் மழை மறைவுப் பகுதி, முள் காடு. ஊட்டி ஈரத்தை நினைத்துக்கொண்டு மசினகுடியில் நிலம் வாங்குவது, ஊட்டி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் இறங்குகிற மாதிரி.

இனி கணக்கு. நம்ம ஆள் எக்செல் போடத் தெரிந்தவர். ஆனால் ஆசை கலந்த எக்செல் எப்போதும் லாபமே காட்டும். ஒரு உதாரணத்துக்கு, நிலம் 30 லட்சம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 2.7 லட்சம். இரண்டு காட்டேஜ் கட்ட 25 லட்சம். மொத்தம் 57.7 லட்சம். ஒரு காட்டேஜுக்கு இரவுக்கு 4,000 ரூபாய் வீதம் வருடத்துக்கு 100 இரவு நிரம்பினால் இரண்டுக்கும் சேர்த்து 8 லட்சம். இங்கேயே நம்ம ஆள் கையை மேலே தூக்கிவிடுவார். ஆன்லைன் புக்கிங் கமிஷன் ஒன்றரை லட்சம். காவலுக்கும் சமையலுக்கும் ஒருவர், மாதம் 15,000, வருடத்துக்கு 1.8 லட்சம். கரண்ட், துணி வெளுப்பு, ரிப்பேர் இன்னொரு ஒன்றரை லட்சம். மிச்சம் 3.2 லட்சம். போட்ட பணத்துக்கு ஐந்தரை சதவீதம். கடன் வாங்கிப் போட்டிருந்தால் வட்டியே அதற்கு மேல்.

இந்த 100 இரவும் நிச்சயமா? 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டியதாயிற்று. 2025 கோடையில் வெளி வண்டிகளுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பே வைத்தார்கள். மலை தாங்காது என்பதால் வந்த கட்டுப்பாடு. அது சரியா தப்பா என்று சண்டை போடலாம், ஆனால் எக்செல்லில் ஒரு வரி அதற்கு ஒதுக்கத்தான் வேண்டும். முக்கியமாக, ஐந்தரை சதவீதம் என்பது விடுதி திறந்திருந்தால்! சீல் வைத்த மாதங்களிலும் இ.எம்.ஐ. மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் போகும்.

காட்டேஜ் வேண்டாம், குன்னூரிலோ ஊட்டியிலோ ஒரு வீடு வாங்கிக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாம் என்றால் தலைவலி குறைவு, வருமானமும் குறைவு. 40 லட்சம் வீட்டுக்கு 10,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 1.2 லட்சம், மூன்று சதவீதம். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அதில் ஒரு துண்டு போகும். மலை வீட்டுச் சுவருக்கு இரண்டு மழைக்காலமும் சேர்ந்து பூஞ்சை பூசிவிடும், வெள்ளையடிப்பில் இன்னொரு துண்டு. வாடகையை மட்டும் நம்பி வாங்குகிறவர்களுக்கு இந்தியாவில் எங்கேயுமே கணக்கு இனிக்காது. விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். நம்பிக்கை என்று தெரிந்து வாங்கினால் சரி.

இதில் கைக்காசு இருந்தாலும் ஒரு காரியம் செய்யலாம். பேங்கில் போய் அந்த நிலத்துக்கு லோன் கேட்டுப் பார்க்கலாம். பேங்க் வக்கீல் பேப்பரைப் பார்ப்பார். அவருக்கு மலை வியூ முக்கியமில்லை, கமிஷனும் இல்லை. 'இந்தச் சொத்துக்குக் கொடுக்க முடியாது' என்று அவர்கள் சொன்னால் அதைவிட மலிவான ஆலோசனை வேறு கிடைக்காது. புரோக்கர் உடனே, "லோன்லாம் எதுக்கு சார், ரெடி கேஷ்னா ரேட்டு குறைச்சுக்கலாம்" என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் காரை ஸ்டார்ட் பண்ணிவிடலாம்.

ஹவுஸ் ஓனர் ஆகிவிட்டால் வேலை முடிந்ததா என்றால், அங்கேதான் ஆரம்பம். 11 மாத ஒப்பந்தம் போடுவது எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் போனால் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, நகர்ப்புறங்களில் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸுக்கு 3 மாத வாடகையையே அது அளவாக வைக்கிறது. சென்னைப் பழக்கமான பத்து மாத அட்வான்ஸ் அந்தச் சட்டத்தின் மனதில் இல்லை. வாடகை தரவில்லை என்று தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. நம்ம ஆள் இப்போது கோயமுத்தூரில் பொறியியல் படித்த நாலு வருடமும் யாரோ ஒரு ஓனரைத் திட்டியபடி வாடகை அறையில் இருந்தவர்தானே? அன்றைக்குத் திட்டிய விஷயங்களை எழுதிப் பார்த்தாலே பாதிச் சட்டம் வந்துவிடும்.

விடுதி என்றால் இன்னும் ஒரு படி மேலே. தங்க வருகிறவர் செய்யும் காரியத்துக்கும், அங்கே வேலைக்கு வைத்த ஆள் செய்யும் காரியத்துக்கும் கோயமுத்தூரில் உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்ல வேண்டிவரும். 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு யானை காதில் தீக்காயத்தோடு அலைந்தது. தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் ஜனவரி 19 அன்று செத்துப்போனது. பிறகு ஒரு வீடியோ வெளியானது. இரவில், ஒரு தங்கும் விடுதி வளாகத்திலிருந்து, எரியும் டயரை அதன் மேல் வீசுகிறார்கள். தீ காதில் ஒட்டிக்கொள்ள அது பிளிறியபடி ஓடுகிறது. விடுதி நடத்தியவர்களில் இருவரைக் கைது செய்தார்கள், விடுதிக்குச் சீல் வைத்தார்கள். செத்த யானையின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வனத்துறை ஊழியர் அழுத வீடியோவை நாடே பார்த்தது.

அந்த யானை எதற்கு அங்கே வந்தது என்று கேட்டால், அது வரவில்லை, போய்க்கொண்டிருந்தது. அதன் வழியில்தான் கட்டடம் இருந்தது.

நம்ம ஆள் கடைசியில் ஒன்றே ஒன்று செய்தார். புரோக்கருக்குப் போன் போட்டு, "ஏங்ணா, சர்வே நம்பரும் சப்டிவிஷனும் மட்டும் அனுப்புங்க, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

"அட்வான்ஸ் ஒரு அம்பதாயிரம் போட்டுடுங்க சார், நம்பர் எல்லாம் தர்றேன். பெங்களூர் பார்ட்டி ஒண்ணு ரொம்ப கேட்டுட்டு இருக்குது."

"நம்பர் வந்ததும் போடறேங்ணா."

"பாக்கறேன் சார்."

நம்பர் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் அதே நிலத்தின் போட்டோ வந்தது. விலை இரண்டு லட்சம் குறைந்திருந்தது. ஈர மண்ணில் தட்டு அகலத்துக்கு வரிசையாகத் தடங்கள். கீழே புரோக்கர் எழுதியிருந்தார்: "டெய்லி யானை வரும் சார், கெஸ்ட்டுக்கு ரொம்பப் பிடிக்கும்."